பள்ளிப் பாடங்களில் உளச்சிகிச்சை

நம் சங்கத்தின் ஞாயிறு வகுப்பில் சென்ற கல்வியாண்டில் மாதம் ஒரு வகுப்பை உளச்சிகிச்சை பற்றிய பாடத்துக்கு ஒதுக்கினோம். ஒன்பது, பத்தாம் வகுப்புகளில் படிக்கும் பிள்ளைகள் இருபத்திரண்டு பேர் வந்தார்கள். "தமிழ் வகுப்புக்கு அனுப்பினால் பைத்தியத்தைப் பற்றிப் பாடம் நடத்துகிறீர்களே" என்று பெற்றோர் சிலர் வருத்தப்பட்டார்கள். வரும் ஆண்டும் இதைத் தொடரலாமா என்று செயற்குழு என்னிடம் விளக்கம் கேட்டிருக்கிறது. விளக்கத்தைக் குழுவுக்கு மட்டும் தராமல் எல்லோரும் படிக்கும்படி இங்கே எழுதுகிறேன். பெங்களூர்ப் பள்ளிகளில் முப்பத்தோரு ஆண்டுகள் கணக்கு கற்பித்து ஓய்வு பெற்றவன் நான்; மருத்துவன் அல்லன். ஆகவே ஓர் ஆசிரியர் சொல்லக்கூடியதை மட்டுமே சொல்கிறேன்.

முதலில் சொல்லுக்குப் பொருள். மருத்துவர்கள் சைக்கோதெரபி என்பதைத்தான் உளச்சிகிச்சை என்கிறோம். பயிற்சி பெற்ற ஒருவர், மனத்துன்பத்தில் இருக்கும் ஒருவரோடு, குறித்த நேரத்தில், குறித்த நோக்கத்தோடு, ஒரு முறைக்கு உட்பட்டுப் பேசுகிறார். சில பயிற்சிகளைச் செய்ய வைக்கிறார். பலன் தெரிகிறதா என்று அவ்வப்போது அளந்து பார்க்கிறார். மாத்திரை கட்டாயம் தேவைப்படும் மனநோய்களும் உண்டு. மாத்திரையும் பேச்சும் சேர்ந்தே தரப்படுவதும் உண்டு. பக்கத்து வீட்டு மாமி சொல்லும் ஆறுதல் இதுவல்ல. மாமியின் ஆறுதல் நல்லதுதான். ஆனால் முறை, அளவு, இரகசியம் காக்கும் கடமை ஆகிய மூன்றும் அதில் இல்லை.

மத்திய இடைநிலைக் கல்வி வாரியப் பள்ளிகளில் பயன்படும் 12-ஆம் வகுப்பு உளவியல் புத்தகத்தில் சிகிச்சை முறைகளுக்கென்றே ஓர் அத்தியாயம் இருக்கிறது. ஆனால் உளவியல் விருப்பப் பாடம். அதை எடுக்காத பிள்ளை இப்படி ஒரு மருத்துவம் இருப்பதே தெரியாமல் பள்ளியை விட்டு வெளியேறலாம். எலும்பு முறிந்தால் மாவுக்கட்டு, பார்வை மங்கினால் கண்ணாடி என்பது ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். மனம் முறிந்தால் என்ன செய்வது என்பது மட்டும் தெரியாது.

இதற்காகப் புதிய பாடம் ஒன்றைப் பிள்ளைகளின் தலையில் ஏற்ற வேண்டியதில்லை. அவர்கள் பையில் இருக்கும் புத்தகங்களிலேயே இதற்கு இடம் இருக்கிறது. நாங்கள் ஆறு பாடங்களின் வழியாகச் சென்றோம்.

தமிழ்

உளச்சிகிச்சையின் முதல் வேலை உணர்வுக்குப் பெயர் சூட்டுவது. "மனசு சரியில்லை" என்று வருபவரிடம், எது சரியில்லை, பயமா, கோபமா, வெட்கமா, இழப்பா என்று பிரித்துப் பார்ப்பதிலிருந்துதான் சிகிச்சை தொடங்குகிறது. இந்தப் பிரிப்பு நமக்குப் புதிதல்ல. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டு உணர்வுகளைக் கூறுகிறது. அதோடு நில்லாமல், ஒவ்வொன்றும் எதனால் பிறக்கிறது என்று நான்கு நான்கு காரணங்களையும் தருகிறது. அழுகைக்குச் சொல்லப்படும் காரணங்கள் இளிவு, இழவு, அசைவு, வறுமை. பிறர் இழிவாக நடத்துவது, உரியவரையோ உடைமையையோ இழப்பது, இருந்த நிலையிலிருந்து தளர்ந்து தாழ்வது, இல்லாமை என்று இவற்றை விளக்கலாம். வெளியே தெரிவது ஒரே கண்ணீர். உள்ளே காரணம் நான்கு. காரணம் வேறானால் செய்ய வேண்டிய உதவியும் வேறாகும்.

பிள்ளைகளுக்கு ஒரு பயிற்சி கொடுத்தோம். "மூட் அவுட்" என்ற சொல்லை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் பொருந்தும் தமிழ்ச் சொற்களை எழுத வேண்டும். சலிப்பு, ஏக்கம், கூச்சம், தவிப்பு, மனக்கசப்பு, வெறுமை, எரிச்சல், குற்ற உணர்வு என்று கரும்பலகை நிறைந்துவிட்டது. நாற்பது சொற்களுக்கு மேல் வந்தன. வீட்டில் ஆங்கிலமும் கன்னடமும் கலந்து பேசும் பிள்ளைகள்தான் இவர்கள். தமிழ் வகுப்பில் இது எதற்கு என்று கேட்டவர்களுக்கு அந்தக் கரும்பலகையைக் காட்டியிருந்தாலே போதும்.

இன்னொரு பயிற்சி வசைச் சொற்களைப் பற்றியது. சென்னையில் ஒருவரைக் கிண்டல் செய்யக் கீழ்ப்பாக்கம் என்பார்கள். வடக்கே ஆக்ரா, ராஞ்சி, கோழிக்கோட்டில் குதிரவட்டம், நம் ஊரில் நிமான்ஸ். மருத்துவமனையின் பெயர் ஊருக்கு ஊர் வசவாகிவிட்டது. கண் மருத்துவமனையின் பெயரைச் சொல்லி யாரும் யாரையும் திட்டுவதில்லை. இந்த வேறுபாடு ஏன் என்று கேட்டோம். "அங்கே போவதற்கு எல்லோரும் பயப்படுகிறார்கள், அதனால்தான்" என்றாள் ஒரு மாணவி. "திட்டுவதால்தான் போக பயப்படுகிறார்கள்" என்றான் இன்னொருவன். இரண்டும் சரி.

வரலாறு

1880-இல் வியன்னா நகரில் ஜோசப் பிராயர் என்ற மருத்துவர் ஒரு இளம்பெண்ணுக்குச் சிகிச்சை தொடங்கினார். அவர் பெயர் பெர்த்தா பாப்பன்ஹைம். கை கால் இயங்காமல் போவது, தாய்மொழியான ஜெர்மனில் பேச முடியாமல் ஆங்கிலத்தில் மட்டும் பேசுவது என்று அவருக்குப் பல துன்பங்கள். நினைவில் வருவதையெல்லாம் பேசியபோது சில துன்பங்கள் தணிந்தன. அதற்குப் 'பேச்சு வைத்தியம்' என்று பொருள்படும் பெயரை ஆங்கிலத்தில் சூட்டியவர் மருத்துவர் அல்லர், நோயாளிதான். பிராயரும் சிக்மண்ட் பிராய்டும் 1895-இல் வெளியிட்ட நூலில், அன்னா ஓ. என்ற புனைபெயரில் இந்த வரலாற்றை எழுதினார்கள்.

வரலாற்று மாணவர்கள் இங்கே ஒரு கேள்வி கேட்க வேண்டும்: நூலில் உள்ளது முழு உண்மையா? பிற்காலத்தில் கிடைத்த மருத்துவமனைக் குறிப்புகள், பிராயரின் சிகிச்சை முடிந்த 1882-க்குப் பிறகும் அந்தப் பெண் நோயுற்றிருந்ததையும் வேறு இடத்தில் சேர்க்கப்பட்டதையும் காட்டின. பின்னர் அவர் தேறி, 1904-இல் யூதப் பெண்களுக்கென்று ஜெர்மனியில் ஒரு பெரிய அமைப்பை நிறுவிப் பெண்கள் நலனுக்காக உழைத்தார். முன்னோடிகள் எழுதியதையும் சான்றோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்பது இதில் உள்ள பாடம்.

இது மேல்நாட்டுச் சரக்கு, நமக்கு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. கல்கத்தாவில் கிரீந்திரசேகர் போஸ் 1922-இலேயே இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தை நிறுவிவிட்டார். அவரும் பிராய்டும் பல ஆண்டுகள் கடிதம் எழுதிக்கொண்டார்கள். ஒருமுறைகூட நேரில் சந்திக்கவில்லை. பிராய்டின் கருத்துகளை அப்படியே ஏற்காமல், தம்முடைய நோயாளிகளிடம் கண்டதை வைத்து போஸ் மறுத்தும் எழுதினார்.

அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர் 1950-களில் இன்னொரு வழியைத் தொடங்கினார். நோயாளிகளின் குடும்பத்தாரையும் வளாகத்திலேயே கூடாரங்களில் தங்க வைத்தார். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையத்திலும் உறவினர் உடன் தங்கும் முறை வந்தது. நோயாளியைச் சுவருக்குப் பின்னால் ஒதுக்கி வைப்பதே வழக்கமாயிருந்த காலத்தில், குடும்பத்தையும் சிகிச்சைக்குள் கொண்டுவந்தது இந்திய மருத்துவர்கள் செய்த காரியம். நம் ஊரில் 1954-இல் அகில இந்திய மனநல நிறுவனம் தொடங்கியது. 1974-இல் அது மைசூர் அரசின் பழைய மனநல மருத்துவமனையோடு இணைந்து இன்றைய நிமான்ஸ் ஆயிற்று. ஓசூர் சாலையில் பஸ்ஸில் போகும்போது நாம் தாண்டிப் போகும் அந்த வளாகத்தில்தான் இந்நாட்டின் மருத்துவ உளவியலர்கள் பலர் பயின்றார்கள்.

உயிரியல்

பேச்சு வெறும் காற்று. அது எப்படி மருந்தாகும்? இந்தக் கேள்விக்கு விடை உயிரியல் புத்தகத்தில், நரம்பு மண்டலம் என்ற பாடத்தில் இருக்கிறது.

நாய் துரத்தினால் அட்ரினலின் சுரக்கிறது, இதயம் வேகமாகத் துடிக்கிறது, கை வியர்க்கிறது. இது உயிர்காக்கும் ஏற்பாடு. ஆனால் மூளை சில சமயம் ஆபத்தில்லாத பொருளையும் ஆபத்தோடு முடிச்சுப் போட்டு வைத்துக்கொள்கிறது. முடிச்சு விழும் விதத்தை ரஷ்யாவின் இவான் பாவ்லோவ் நாய்களை வைத்து ஆராய்ந்தார். உணவு வருமுன் ஒரு குறிப்பிட்ட ஒலியைத் திரும்பத் திரும்பக் கேட்ட நாய்க்கு, பிறகு அந்த ஒலியைக் கேட்டதுமே உமிழ்நீர் சுரந்தது.

விழுந்த முடிச்சை அவிழ்க்கவும் முடியும். 1924-இல் மேரி கவர் ஜோன்ஸ் என்ற அமெரிக்க உளவியலர், முயலைக் கண்டு அலறிய ஒரு சிறு பையனைப் பற்றி எழுதினார். பையன் தனக்குப் பிடித்ததைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது முயலைக் கூண்டோடு தொலைவில் வைப்பார்கள். நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாக அருகில் கொண்டு வருவார்கள். இறுதியில் பையன் முயலைத் தடவிக் கொடுத்தான். தென்னாப்பிரிக்க மருத்துவர் ஜோசப் வோல்பி இந்த வழியைப் பெரியவர்களின் அச்சத்துக்கும் விரிவாக்கி 1958-இல் நூல் வெளியிட்டார். அச்சத்தைப் படிப்படியாக எதிர்கொள்ள வைக்கும் முறைகள் இன்றும் சிகிச்சையில் உள்ளன.

அடுத்தது எண்ணச் சுழற்சி நோய், ஓ.சி.டி. என்று பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். கை அசுத்தம் என்ற எண்ணம் விடாமல் வரும், கழுவினால் சற்று அடங்கும், மீண்டும் வரும். கழுவக் கழுவ நோய் வலுக்கிறது, ஏனென்றால் கழுவியதால்தான் தப்பித்தோம் என்று மூளை கற்றுக்கொள்கிறது. 1966-இல் லண்டனில் விக்டர் மேயர் இதற்கு நேர்மாறான வழியை எழுதினார். அசுத்தம் என்று நினைப்பதைத் தொட வைப்பது, கழுவாமல் காத்திருக்க வைப்பது. பதற்றம் உச்சிக்குப் போய்த் தானே இறங்கும் என்பதை நோயாளி தம் உடம்பிலேயே கண்டு தெளிகிறார்.

1992-இல் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் லூயிஸ் பாக்ஸ்டர் குழுவினர் இந்நோயாளிகளின் மூளையைச் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் படம் எடுத்தார்கள். சிலருக்கு மாத்திரை, சிலருக்கு இத்தகைய பயிற்சி மட்டும். குணம் கண்டவர்களில் இரு தரப்பாருக்குமே மூளையின் ஆழத்தில் உள்ள காடேட் என்ற பகுதியில் ஒரே மாதிரி மாற்றம் தெரிந்தது. மாத்திரை வாய் வழியே போயிற்று. பயிற்சி காது வழியே போயிற்று. இரண்டும் சேர்ந்த இடம் ஒன்று.

ஒரு தந்தையின் கோபம்

இந்தப் பாடம் முடிந்து இரண்டாம் வாரம், ஒரு மாணவியின் தந்தை சங்கத்துக்கே வந்துவிட்டார். முகம் சிவந்திருந்தது. "எங்க வீட்டு விஷயத்தை வகுப்பில் வைத்துப் பேச உங்களுக்கு யார் சார் சொன்னது?" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. வகுப்புக் குறிப்பேட்டை எடுத்துக் காட்டினேன். பாக்ஸ்டர், மேயர் என்ற பெயர்கள்தான் இருந்தன. அவர் வெகு நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உட்கார்ந்தார்.

அவருடைய மூத்த மகன் நுழைவுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த பையன். எட்டு மாதமாகக் குளியலறையை விட்டு வெளியே வருவதே அரிதாகிவிட்டது. கை தோல் உரிந்து புண்ணாகியிருந்தது. கோயிலுக்குப் போனார்கள், திருஷ்டி கழித்தார்கள், அடித்தும் பார்த்தார்கள். தங்கை இந்த வகுப்பு முடிந்து வீட்டுக்குப் போய், "அப்பா, அண்ணனுக்கு இருப்பதற்கு ஒரு பெயர் இருக்கிறது. சிகிச்சையும் இருக்கிறது" என்று சொல்லியிருக்கிறாள். வீட்டுக் கதவுக்கு வெளியே தெரியாது என்று நினைத்திருந்த ஒன்றை மகள் பாடம் போல ஒப்பித்ததும் அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அன்று நான் அவருக்கு எந்த அறிவுரையும் சொல்லவில்லை. எங்கே போக வேண்டும் என்று அவர் கேட்டபோது, மனநல மருத்துவரைப் பார்க்கும்படி மட்டும் சொன்னேன். மருத்துவர் மாத்திரை கொடுத்தார். வாரம் ஒருமுறை மருத்துவ உளவியலரிடமும் அனுப்பினார். முதல் மாதம் பையன் இரண்டு முறை பாதியில் எழுந்து வந்துவிட்டானாம். ஐந்தாம் மாதம் எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிட்டான். இன்னும் சிகிச்சை முடியவில்லை. தேர்வை ஓராண்டு தள்ளிப் போட்டிருக்கிறான். பெயர், ஊர் விவரம் இல்லாமல் இதை எழுதலாம் என்று பையனும் அவன் தந்தையும் சம்மதம் தந்திருக்கிறார்கள்.

தங்கை சிகிச்சை தரவில்லை, வகுப்பும் தரவில்லை. ஒரு பெயரும் ஒரு வாசலும் இருப்பதை வகுப்பு சொன்னது. எட்டு மாதம் ஒரு வீட்டில் ஐந்து பேருக்கும் தெரியாமல் இருந்தது அதுதான்.

கணக்கு

கணக்கு வாத்தியார் இங்கே குறுக்கிட வேண்டும். பையன் தேறினான், அதனால் சிகிச்சை பலித்தது என்று சொல்லிவிடலாமா? காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாக இருக்கக் கூடாதா? தானாகவே தேறியிருந்தால்?

இந்தக் கேள்வியை 1952-இல் ஹான்ஸ் ஐசென்க் என்ற உளவியலர் கடுமையாகவே கேட்டார். பதற்றம் போன்ற நரம்புத் தளர்ச்சி நோயாளிகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் உளச்சிகிச்சை இல்லாமலே இரண்டு ஆண்டுகளுக்குள் தேறிவிடுகிறார்கள் என்றார். அவர் கணக்கைப் பலர் மறுத்தார்கள். ஆனால் கேள்வி நிலைத்துவிட்டது. சிகிச்சை பெற்றவர்களை மட்டும் எண்ணிப் பயனில்லை. பெறாத ஒரு குழுவோடு ஒப்பிட வேண்டும். யார் எந்தக் குழுவில் என்பதையும் சீட்டுக் குலுக்கிப் போட்டு முடிவு செய்ய வேண்டும்.

1977-இல் மேரி லீ ஸ்மித்தும் ஜீன் கிளாஸும் 375 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துக் கணக்கிட்டார்கள். சிகிச்சை பெற்றவர்களின் சராசரி, பெறாதவர்களின் சராசரியைவிட 0.68 திட்டவிலக்க அளவு மேலே இருந்தது. திட்டவிலக்கம் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளில் சிலருக்குத் தெரியும். தெரியாதவர்களுக்கு இப்படிச் சொன்னேன்: சிகிச்சை பெறாத 100 பேரை நலத்தின் வரிசையில் நிறுத்துங்கள். சிகிச்சை பெற்ற ஒரு சராசரி ஆளைக் கொண்டுவந்து அந்த வரிசையில் சேருங்கள். அவர் 75 பேரைத் தாண்டி நிற்பார். சிகிச்சை இல்லாவிட்டால் 50 பேரைத் தாண்டி நின்றிருப்பார். பயன் இருக்கிறது, ஆனால் எல்லோருக்கும் உறுதி இல்லை. பின்னர் வந்த கணக்குகள், தோல்வியுற்ற சோதனைகள் அச்சேறாமல் போவதையும் சேர்த்துப் பார்த்தபோது, மனச்சோர்வுக்கான சிகிச்சையின் பயன் முன்பு எண்ணியதைவிடக் குறைவு என்று காட்டின. பயனே இல்லை என்று காட்டவில்லை.

இதே தராசில் தாயத்தையும் நிறுத்துப் பாருங்கள் என்றேன். ஒரு பையன், "மாத்திரையையும் நிறுக்கலாமா சார்?" என்றான். கட்டாயம் நிறுக்க வேண்டும். நிறுத்துத்தான் விற்பனைக்கு விடுகிறார்கள் என்றேன்.

புவியியல்

நிமான்ஸ் 2015-16-இல் 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பில், பெரியவர்களில் 10.6 விழுக்காட்டினருக்கு அப்போது ஏதேனும் ஒரு மனநலக் கோளாறு இருந்தது. 200 பெரியவர்கள் வாழும் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு என்றால் சுமார் 21 பேர். அவர்களில் சிகிச்சை பெறாதவர் எத்தனை பேர்? நோய்க்கு நோய் மாறினாலும், 70 முதல் 92 விழுக்காடு வரை. மருத்துவர்கள் நகரத்தில், நோயாளிகள் எங்கும்.

இந்த இடைவெளியை அடைக்க இரண்டு ஊர்களில் செய்ததைப் பிள்ளைகள் நிலப்படத்தில் குறித்தார்கள். ஒன்று கோவா. அங்கே சங்கத் என்ற அமைப்பு, மனநலப் படிப்பு எதுவும் இல்லாத உள்ளூர்க்காரர்களுக்குப் பயிற்சி தந்து, ஆரம்ப சுகாதார நிலையங்களில் கடும் மனச்சோர்வு உள்ளவர்களோடு ஆறு முதல் எட்டு முறை பேச வைத்தது. முறை எளியது. மனம் ஒப்பிய பிறகு செய்வோம் என்று காத்திராமல், முன்பு மகிழ்ச்சி தந்த சிறு வேலைகளைத் திட்டமிட்டு ஒவ்வொன்றாகச் செய்யத் தொடங்குவது. 2016 டிசம்பரில் லான்செட் இதழ் வெளியிட்ட முடிவின்படி, மூன்று மாதம் கழித்து இவர்களில் 64 விழுக்காட்டினர் தேறியிருந்தார்கள். வழக்கமான கவனிப்பை மட்டும் பெற்றவர்களில் 39 விழுக்காட்டினர்.

இன்னொன்று ஆப்பிரிக்காவில் ஜிம்பாப்வே நாட்டின் தலைநகர் ஹராரே. டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவர் 2006-இல் 14 பாட்டிமார்களோடு தொடங்கினார். சுகாதார நிலையத்துக்கு வெளியே ஒரு மரப் பலகை. அதற்கு நட்புப் பலகை என்று பெயர். அங்கே உட்கார்ந்து, பயிற்சி பெற்ற பாட்டி, வந்தவரின் சிக்கல்களைப் பட்டியலிட வைத்து, ஒன்றைத் தேர்ந்தெடுத்துத் தீர்க்க உதவுவார். மனச்சோர்வு என்ற மருத்துவச் சொல்லைப் பாட்டிகள் பயன்படுத்துவதில்லை. ஷோனா மொழியில் குஃபுங்கிசிசா என்பார்கள். அளவுக்கு மீறி யோசிப்பது என்று பொருள். "எங்க பாட்டியும் ரொம்ப யோசிக்காதே என்றுதான் சொல்வாள்" என்று வகுப்பில் சிரித்தார்கள். ஹராரேப் பாட்டிகள் யோசிக்காதே என்று சொல்வதோடு நிறுத்துவதில்லை. என்ன யோசிக்கிறாய் என்று கேட்கிறார்கள். முன்பு சொன்ன மாமியின் ஆறுதலுக்கும் சிகிச்சைக்கும் உள்ள இடைவெளியைப் பயிற்சி எப்படித் தாண்டுகிறது என்பதற்கு இது சான்று.

குடிமையியல்

2001 ஆகஸ்டு 6-ஆம் நாள் இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு தனியார் மனநோயாளிகள் காப்பகம் தீப்பிடித்து 28 பேர் மாண்டார்கள். சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் அவர்களால் ஓட முடியவில்லை. இதைப் பிள்ளைகளிடம் சொல்லத் தயங்கினேன். ஆனால் சட்டம் ஏன் வேண்டும் என்பதற்கு இதைவிட நேரான விளக்கம் இல்லை.

வெள்ளையர் காலத்து 1912-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயரிலேயே பைத்தியம் என்ற பொருள் தரும் சொல் இருந்தது. அதன் இடத்தில் 1987-இல் ஒரு சட்டம் வந்தது. இப்போது நடப்பில் உள்ளது மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017. நடைமுறைக்கு வந்தது 2018 மே 29. அரசு நடத்தும் அல்லது அரசு நிதி பெறும் இடங்களில் மனநலச் சிகிச்சை பெறுவது ஒவ்வொருவரின் உரிமை என்று இது சொல்கிறது. எந்த வகையிலும் சங்கிலியால் கட்டக் கூடாது. நோயாளியின் விவரம் இரகசியம். உடல்நோய்க்குக் காப்பீடு தரும் நிறுவனம் மனநோய்க்கும் அதே அடிப்படையில் தர வேண்டும். உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும்; அவருக்குத் தண்டனை அல்ல, பராமரிப்பு தருவது அரசின் கடமை. 2022 அக்டோபர் 10 முதல் டெலி மானஸ் என்ற அரசுத் தொலைபேசிச் சேவை நடக்கிறது. எண் 14416, இருபத்து நான்கு மணி நேரமும் இயங்குவது, கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம். இந்த எண்ணைப் பிள்ளைகள் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொண்டார்கள். நீங்களும் எழுதிக்கொள்ளுங்கள்.

வகுப்பு சிகிச்சைக் கூடம் அல்ல

பெற்றோரின் அச்சத்தில் நியாயமான ஒரு பகுதி உண்டு. சிகிச்சையைப் பற்றிப் படிப்பது வேறு. வகுப்பையே சிகிச்சைக் கூடமாக்குவது வேறு. பிரிட்டனில் 85 பள்ளிகளில் 8,000-க்கும் மேற்பட்ட மாணவர்களைக் கொண்டு, மனம் ஒருநிலைப்படும் பயிற்சியை வகுப்பு முழுவதற்கும் கொடுத்துப் பார்த்தார்கள். 2022-இல் வெளிவந்த முடிவு: வழக்கமான பாடத்தைவிட அது கூடுதல் பயன் தரவில்லை. எல்லோருக்கும் ஒரே கஷாயம் என்பது உடம்புக்கும் சரிவராது, மனத்துக்கும் சரிவராது.

ஆகவே நாங்கள் நான்கு விதிகளை வைத்துக்கொண்டோம். ஒன்று, எந்தப் பிள்ளையிடமும் சொந்த வீட்டுக் கதையைக் கேட்பதில்லை. கதை மாந்தரை வைத்தே பயிற்சி. இரண்டு, யாருக்கும் நோயின் பெயரை ஒட்டுவதில்லை. ஒருவரையொருவர் ஒட்டவும் விடுவதில்லை. மூன்று, தானே வந்து சொல்லும் பிள்ளையைப் பொறுமையாகக் கேட்டு, பெற்றோரிடமோ பள்ளி ஆலோசகரிடமோ சேர்ப்பது. உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் ஒரு மணி நேரமும் தாமதிப்பதில்லை. நான்கு, சிகிச்சை தேடுபவரிடம், பலகையை மட்டும் பார்த்துப் போகாமல், மனநல மருத்துவர் என்றால் மருத்துவப் பதிவையும், மருத்துவ உளவியலர் என்றால் இந்திய மறுவாழ்வு மன்றத்தின் பதிவையும் கேட்டுப் பார்க்கச் சொல்வது.

வீட்டில் செய்து பார்க்க

1. இந்த வாரம் நாளிதழில் வந்த ஒரு செய்தியில் இடம்பெற்றவருக்கு என்ன உணர்வு இருந்திருக்கும்? மூன்று தமிழ்ச் சொற்களில் எழுதுக. அழுகைக்கான நான்கு காரணங்களில் எது பொருந்தும்?

2. "இந்த லேகியம் சாப்பிட்டு ஆயிரம் பேர் குணமானார்கள்" என்ற விளம்பரத்தில் விடுபட்ட எண் எது?

3. நீந்தப் பயப்படும் ஒரு சிறுவனுக்கு, மேரி கவர் ஜோன்ஸ் வழியில் ஆறு படிகள் அமைத்துக் காட்டுக.

4. உங்கள் வீட்டுக் காப்பீட்டுப் பத்திரத்தில் மனநோய்ச் சிகிச்சை பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பெற்றோருடன் சேர்ந்து படித்துப் பார்க்க.

நான்காம் பயிற்சியைப் பெற்றோர் தவறாமல் செய்யுங்கள். பிறகு, இந்த வகுப்பு வரும் ஆண்டும் வேண்டுமா, வேண்டாமா என்று சங்க அலுவலகத்துக்கு ஒரு வரி எழுதி அனுப்புங்கள். வேண்டாம் என்றால் காரணத்தையும் சேர்த்து எழுதுங்கள். செயற்குழு கூடும்போது அதற்கு விடை சொல்ல நான் அங்கே இருப்பேன்.